கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி: பெங்களூரில் பழசு வாங்குவோருக்கு

2003இல் நிண்டெண்டோ விட்ட மடக்கு மாடல் கேம் கருவி இது. பழைய கையடக்கக் கருவிகளில் இன்றும் காசு போட்டு வாங்கத் தகுந்தது இதுதான். ஆனால் எந்த எஸ்பி என்று பார்த்து வாங்க வேண்டும். முதலில் வந்த ஏஜிஎஸ்-001இல் வெளிச்சம் திரையின் முன்பக்கத்திலிருந்து விழும், நிறங்கள் வெளிறித் தெரியும். 2005இல் வந்த ஏஜிஎஸ்-101இல் பின்வெளிச்சம். விலையும் அதற்கேற்ப ஏறும். பின்னால் உள்ள ஸ்டிக்கரை நம்பாதீர்கள், கூட்டை மாற்றியிருப்பார்கள். விளக்குப் பொத்தானை அழுத்துங்கள்: விளக்கு அணைந்தால் 001, பிரகாசம் மட்டும் கூடிக் குறைந்தால் 101.

ஹெட்போன் துளை கிடையாது, தனி அடாப்டர் வேண்டும். எரிச்சலூட்டும் சிக்கனம்.

கேம் கேசட்டில்தான் ஏமாற்று அதிகம். போக்கிமான் ரூபி, சஃபையர், எமரால்டு அசலுக்கு ஒளி ஊடுருவும் கூடு. இணைப்புப் பற்களுக்கு மேல் போர்டில் 'நிண்டெண்டோ' என்று அச்சாகியிருக்கும். போலியில் சேவ் (சேமித்த ஆட்டம்) திடீரென்று காணாமல் போகலாம். அசலில் சிஆர்1616 பேட்டரி தீர்ந்தாலும் சேவ் தங்கும், கடிகாரம் மட்டும் நிற்கும். கேமில் நடும் பெர்ரிச் செடிகள் வளராது. முந்தைய போக்கிமான் கேம்களான கோல்டு, சில்வர் அப்படியல்ல: சிஆர்2025 தீர்ந்தால் சேவும் போச்சு. மாற்றுவதற்குக் கழற்றினாலும் அதே கதி.

கேம் ஏறவில்லையா? வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் கேசட்டின் இணைப்புப் பற்களை அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டைத் திறக்க மூன்று சிறகுத் திருகாணிக்கான ஸ்க்ரூடிரைவர் வேண்டும்; பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் தேடலாம்.