கப்பலில் சூட் ரூம் எடுக்கலாமா? ஐந்து தடவை போய்வந்தவன் சொல்வது

கும்பகோணத்தில் எங்களுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. கல்யாணச் சீர் எடுக்க வருகிறவர்கள் குத்துவிளக்கின் எடையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, நீங்க கப்பல்ல போனீங்களாமே, எவ்ளோ ஆச்சு?" என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

2018இல் முதல் தடவை உல்லாசக் கப்பலில் போனபோது, ஜன்னல்கூட இல்லாத உள்ளறை. 2019இல் பால்கனி அறை. கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு 2023இல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சூட். 2024இல் ஜூனியர் சூட். 2025இல் மறுபடி சூட். ஐந்துமே சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கியவை. மகள் அங்கே இருக்கிறாள், திருச்சியிலிருந்து நேர் விமானம், நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கப்பல் பெயர்களை எழுதப் போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்களும் வரும்.

முதலில் இந்தச் 'சூட்' என்ற சொல், கப்பலில் இருக்கும் பெரிய சொகுசு அறைக்குப் பெயர். மகள் போனில் அதை 'ஸ்வீட்' என்றுதான் சொன்னாள், சரியான உச்சரிப்பு அதுதானாம். "ஸ்வீட் ரூம் போட்டிருக்கேன் பாட்டி" என்றதும் அம்மா, "எனக்குத்தான் சுகர் இருக்கே கண்ணு" என்றார். எங்கள் ஊர் ஏஜென்ட்டுகள் எல்லாம் சூட் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெரிய கப்பல்களில் உள்ளறை என்பது 150, 170 சதுர அடி. கட்டில், ஒரு மேஜை, பீரோ மாதிரி ஒன்று, குளியலறை, அவ்வளவுதான். ஜூனியர் சூட் அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். முழு சூட்டில் உட்காரத் தனி இடம், சோபா, பெரிய பால்கனி, தொட்டியோடு குளியலறை எல்லாம் வரும். எங்களுக்கு அதே கப்பலில் அதே தேதிக்கு உள்ளறை விலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆயிற்று. மூன்று மடங்கு பணத்துக்கு மூன்று மடங்கு இடம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். இடம் ஒரு பக்கம் இருக்கட்டும், சூட்காரர்கள் காசு கொடுப்பது வரிசையில் நிற்காமல் இருப்பதற்குத்தான்.

2018இல் சிங்கப்பூர் மெரினா பே கப்பல் முனையத்தில் பெட்டியைக் கொடுத்து, பாஸ்போர்ட் காட்டி, சோதனை முடித்து ஏறுவதற்குள் மகாமகக் குளக்கரையில் நின்ற மாதிரி ஆகிவிட்டது. 2023இல் சூட் என்பதால் தனி கவுன்ட்டர். அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போன பையன் நேரே லிஃப்டில் ஏற்றிவிட்டான், இருபது நிமிஷத்தில் நாங்கள் உள்ளே. அப்புறம் சூட்காரர்களுக்கென்று ஒரு ஓய்வறை, அங்கே எதைக் கேட்டாலும் ஏற்பாடு செய்து தர ஓர் ஆள், சில கப்பல்களில் தனிச் சாப்பாட்டுக்கூடம். முட்டி வலிக்காரரை அழைத்துப் போகிறவர்களுக்கு இதெல்லாம் சொகுசில் சேராது. எழுபத்தாறு வயது அம்மாவோடு ஐயாயிரம் பேர் இருக்கும் கப்பலில் காலை டிபனுக்கு இடம் தேடி அலைந்து பார்த்தால் தெரியும்.

இங்கேதான் ஜூனியர் சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024இல் நான் ஏமாந்தது இதில். "சூட்தான் சார், எல்லா வசதியும் உண்டு" என்று ஏஜென்ட் அடித்துச் சொன்னார். கப்பலில் ஏறி ஓய்வறைக் கதவில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. பல கம்பெனிகளில் ஜூனியர் சூட் என்பது பெரிய பால்கனி அறைதான், பெயரில் மட்டும் சூட் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தச் சலுகை எந்த அறைக்கு என்பது கம்பெனியின் இணையதளத்தில் பட்டியலாகவே இருக்கிறது. ஏஜென்ட் வாயால் சொன்னதை நம்பாமல் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது மெயிலில் எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. திரும்பி வந்து கேட்டபோது, "நான் அப்படிச் சொல்லலையே சார்" என்றார். சரி, போகட்டும்.

அடுத்தது அறை எங்கே இருக்கிறது என்பது. இதை யாரும் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. 2023இல் எங்கள் சூட் நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கினோம். விடிகாலை ஐந்தரைக்குத் தலைக்கு மேல் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், நின்றது, மறுபடி 'கர்ர்ர்'. மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்துகிறார்கள். கல்யாண மண்டபத்தில் மாடி அறையை நமக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலே பந்திக்கு இலை போட நாற்காலி இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. நான்கு நாளும் அதுதான் எங்களுக்கு அலாரம். அம்மா மட்டும், "நம்ம வீட்ல இந்நேரம் வாசல் தெளிச்சிருப்பாங்க" என்று சந்தோஷமாக எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

அதிலிருந்து தளப் படத்தைப் பார்க்காமல் நான் அறை எடுப்பதில்லை. நமக்கு மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் அறைகளே இருக்க வேண்டும். மேலே நீச்சல்குளம், சமையற்கூடம் கூடாது, கீழே நாடக அரங்கு, பாட்டுக் கச்சேரி கூடாது. முன்பக்கக் கீழ்த் தளங்களில் நங்கூரம் இறக்குகிற சத்தம் கேட்கும், பின்பக்கத்தில் கரை சேரும்போது அதிர்வு இருக்கும். ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். ஆனால் சூட்டுகளை உச்சியிலும் ஓரங்களிலும்தான் கட்டுகிறார்கள். அதாவது அதிகக் காசு கொடுப்பவருக்குத்தான் அதிக ஆட்டம். மலிவாகக் கிடைக்கிறதே என்று 'கேரன்டி' என்ற பெயரில் புக் செய்தால் அறை எண்ணை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். உள்ளறைக்கு அது பரவாயில்லை. சூட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு எண்ணை அவர்கள் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தலைசுற்றல் பயம் இருப்பவர்களுக்கு: மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, புக்கெட் போகும் பாதையில் பெரும்பாலும் கடல் அமைதி. இரண்டு பக்கமும் நிலம் காக்கிறது. வியட்நாம் பக்கம் போகும் பாதையில் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று தூக்கித் தூக்கிப் போடும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய படகில் போய் வாந்தி எடுத்த மச்சான் ஒருவர், "எனக்குக் கப்பலே ஆகாது" என்று முடிவே கட்டிவிட்டார். அது சின்னக் கலம், சின்ன அலைக்கும் ஆடும். அதை வைத்துப் பதினைந்து மாடிக் கப்பலை எடைபோட முடியாது. மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு முன்னாடியே போட்டுக்கொள்ளுங்கள், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிதாகப் பயனில்லை.

சாமான் கட்டும்போது அம்மா என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்திருந்தார். பெட்டிகளை முனையத்தில் ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். எல்லாப் பெட்டியும் அறைக்கு வந்தது, அம்மாவின் பச்சைப் பெட்டி மட்டும் வரவில்லை. கீழே கூப்பிட்டு அனுப்பினார்கள். மேஜை மேல் பெட்டி திறந்து கிடக்க, ஓர் அதிகாரி கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்: சின்னக் காமாட்சி விளக்கு ஒன்று, திரி நூல், கற்பூர டப்பா, தீப்பெட்டி. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றாமல் இருக்க முடியாதாம். தீப்பெட்டியும் கற்பூரமும் அங்கேயே போயிற்று. விளக்கைத் தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கடலில் தீ என்றால் ஓட இடமில்லை, அதனால் தீ மூட்டுகிற எதையும் விடமாட்டார்கள். அயர்ன் பாக்ஸ், கெட்டில், ரைஸ் குக்கர் எல்லாம் அதே கதைதான். அறையில் பிளக் பாயின்ட்டுகள் நம் ஊர் மாதிரி இருக்காது, அடாப்டர் எடுத்துப் போங்கள், எக்ஸ்டென்ஷன் போர்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்த விளக்கு நான்கு நாளும் பால்கனி ஓர மேஜையில் ஏற்றாமலே இருந்தது. அம்மா தினமும் அதன் முன் நின்று கும்பிட்டார்.

அந்தக் குளியல் தொட்டி, படத்தில் அழகாகத்தான் இருந்தது. முட்டி மடங்காதவர் அந்த விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க முடியுமா என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கடைசியில் அறைப் பையனிடம் ஒரு ஸ்டூல் வாங்கி, தொட்டிக்கு வெளியே உட்காரவைத்து, கொண்டுபோயிருந்த பித்தளைச் சொம்பால் ஊற்றிக் குளிப்பாட்டினாள் என் மனைவி, துண்டுகளை விரித்துத் தண்ணீரைத் தடுத்துக்கொண்டே. 2025இல் தொட்டி இல்லாத, தரையோடு தரையாக ஷவர் இருக்கிற அறையாகக் கேட்டு வாங்கினோம். முன்கூட்டியே கேட்டால் கிடைக்கிறது.

காபி பற்றி எழுதாவிட்டால் கும்பகோணத்தில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். சூட்டில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள், குப்பி போட்டால் டிகாஷன் இறங்கும். அது மோசமில்லை. பால்தான் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில், கெட்டுப்போகாத பால். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது பாலா, வெள்ளையடிச்ச தண்ணியா?" என்றார். இரண்டாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தோம். கீழே காபிக் கடையில் எஸ்பிரஸோ இரண்டு ஷாட், நுரை வரச் சூடாக்கிய பால் தனியாக, ஒரு காலி டம்ளர். அம்மாவின் டபராவில் ஊற்றி ஆற்றினால் டிகிரி காபிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லும்படி வரும். சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, புக் செய்யும்போதே எழுதிவிட்டு, முதல் நாள் இரவே தலைமைப் பரிசாரகரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். வீட்டில் அரைத்த பொடியை அனுமதிப்பதில்லை, கடையில் வாங்கிய சீல் பிரிக்காத பருப்புப் பொடி, ஊறுகாய் போதும்.

சூட் யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒரு துறைமுகம், விடிந்தால் இறங்கி ராத்திரி ஏறுவது என்று திட்டம் இருந்தால் வேண்டாம், தூங்க மட்டும் அறைக்கு வருவீர்கள். கடலிலேயே கழிகிற நாள் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அந்தப் பால்கனிக்கு வேலை. ஐந்தாறு பேர் குடும்பமாகப் போனால், அடுத்தடுத்த இரண்டு பால்கனி அறை எடுத்து நடுவில் இருக்கும் தடுப்பைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பல கப்பல்களில் செய்து தருகிறார்கள், ஒரு சூட்டைவிட மலிவு. மூன்று பேர் என்றால் சூட் கணக்குக் கொஞ்சம் இறங்கி வரும், மூன்றாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு. அம்மா கட்டிலில் படுத்தார், சோபாவில் படுத்தது நான். தனியாகப் போகிறவருக்கோ பல கம்பெனிகளில் இரண்டு பேர் காசு. டிப்ஸ் தினப்படி அறைக் கணக்கில் ஏறும், சூட்டுக்கு அது கூடுதல். இங்கே ஏஜென்ட் மூலம் போனால் டிசிஎஸ் என்று பணம் கட்டும்போதே ஒரு வரி பிடிப்பார்கள், ரசீதை வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் விசாவில் பலமுறை நுழையலாம் என்று இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், கப்பல் திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறோம். கப்பல் நகர்ந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கடல் நெட்வொர்க் பிடித்துக்கொண்டால் பில்லைப் பார்த்துத்தான் தலைசுற்றும்.

புக்கெட்டில் பெரிய கப்பல் பெரும்பாலும் கரைக்கு வராது, பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நின்றுவிடும், சின்னப் படகில் இறங்கிப் போக வேண்டும். சூட்காரர்களை முதலில் விடுவார்கள், ஆனால் படகும் கப்பலும் தனித்தனியாக ஆடும் இடத்தில் கால் மாற்றி வைக்க அம்மாவால் முடியவில்லை. நாங்கள் இறங்கவே இல்லை. பினாங்கில் அந்தத் தொல்லை கிடையாது, ஜார்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஒட்டியே நிற்கும். நடக்கிற தூரத்தில் லிட்டில் இந்தியா, 1833இல் எழுந்த குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில்.

அன்று கப்பல் பினாங்கை நெருங்கும்போது மணி ஆறரை இருக்கும். பால்கனியில் அம்மா சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தாத்தா, அதாவது அம்மாவின் மாமனார், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தவர். 1926இல் கட்டிய கப்பல், எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. அவர் டெக் பயணி, பாய் விரித்துத் திறந்த தளத்தில் படுத்து வந்தவர். "மாமா சொல்வாரு, ராத்திரி மழை வந்தா பாயைச் சுருட்டிக்கிட்டு ஓடணும்னு" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கதவைச் சாத்து தம்பி, ஏசி வீணாப் போகுது" என்றார். பால்கனிக் கதவு திறந்திருந்தால் ஏசி தானாக நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. இன்னொன்று, பால்கனிக் கதவையும் அறைக் கதவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். காற்று இழுத்து அறைந்தால் விரல் போய்விடும்.

கடைசி இரவு பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் முனையத்தில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் உடுத்திக்கொள்வதைத் தனிப் பையில் எடுத்து வையுங்கள். 2019இல் நான் எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டு, லுங்கியோடு இறங்க வேண்டியதாயிற்று. இமிக்ரேஷனில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, மகள் மட்டும் ஒரு வாரம் பேசவில்லை.

வரும் பிப்ரவரிக்கு மறுபடி போட்டிருக்கிறோம். எட்டாம் தளம், நடுப்பகுதி, மேலேயும் கீழேயும் அறைகள். இந்தத் தடவை அம்மா வரவில்லை என்கிறார், அதனால் சாதாரணப் பால்கனி அறைதான். மனம் மாறினால் சூட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மெயில் போட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.