ஹட்டனில் கிடைத்த காளைத் தொப்பி

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வெளிநாட்டுப் பழைய உடுப்பு விற்கிற சின்னக் கடை. பேஸ்போல் பிடித்தவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள். கடைக்கார அண்ணன் "ஆறுதலா கிண்டிப் பாருங்க தம்பி" என்று மூட்டையை அவிழ்த்துவிட்டார். எனக்குக் கிடைத்தது டர்ஹாம் புல்ஸ் என்ற அமெரிக்க பேஸ்போல் அணியின் தொப்பி. டி எழுத்துக்குள்ளிருந்து காளை பாய்கிறது, கொம்பில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. 1902இல் தொடங்கியபோது இந்த அணிக்கு டுபாக்கோனிஸ்ட்ஸ், அதாவது புகையிலை வியாபாரிகள், என்று பெயர், ஊரே புகையிலை ஊர், காளையும் அங்கே தயாரான ஒரு புகையிலையின் சின்னத்திலிருந்து வந்ததுதான். பெரிய அணிகளின் கீழ் இருந்து வீரர்களைத் தயார்படுத்தும் சின்ன அணிகள் ஆடுகிற மைனர் லீக்கில் எனக்குப் பிடித்ததே இதுதான், மேலே இருக்கிற தாய் அணி மாறினாலும் பெயர் ஊரோடு நிற்கும்: அட்லாண்டா பிரேவ்ஸின் கீழ் இருந்தவர்கள் 1998இலிருந்து டாம்பா பே அணியின் பக்கம், காளை மட்டும் அப்படியே.

அப்புறம் டொலிடோ மட் ஹென்ஸ் என்ற இன்னொரு மைனர் லீக் அணியின் தொப்பி ஒன்றும் இருந்தது. மைதானத்தருகே சதுப்பில் திரிந்த நாமக்கோழிகளால் (அங்கே அவற்றை மட் ஹென் என்பார்கள்) 1896இல் வந்த பெயர். என் தலைக்குச் சின்னது, மனசே இல்லாமல் வைத்துவிட்டு வந்தேன். நான் வாங்கிய காளைத் தொப்பியின் விலை 650 ரூபாய், நியாயம்தான். மழை நாளில் மட்டும் போகாதீர்கள், மூட்டையெல்லாம் ஈர வாடை.