நுவரெலியா நகரில் தங்க: ஹோட்டல் அறையா, அப்பார்ட்மென்டா?

இரண்டு இரவுக்கு ஹோட்டல் அறையே போதும். ஆனால் சொல்லும் விலைக்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் சேருமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். பில்லில் பார்த்துத் திடுக்கிடுவோர் அதிகம்.

குடும்பமாக ஒரு வாரம் என்றால் அப்பார்ட்மென்ட்தான் இலாபம், ஆராய்ந்து எடுத்தால். நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் பருப்பு லேசில் வேகாது. பிரஷர் குக்கர் உண்டா, கேஸ் யார் செலவு, கரண்ட் பில் வாடகைக்குள் அடங்குமா என்று பாருங்கள். இரவெல்லாம் ஹீட்டர் போட்டால் மீட்டர் பறக்கும். வெயில் விழாத பக்கமாக அமைந்த வீட்டில் உடுப்பு காயாது, அலுமாரிக்குள் பூஞ்சணம் மணக்கும். ஏப்ரல் சீசனில் இரண்டுமே விலை ஏறும்.