‘உங்களுக்குத் தெரியுமா?’: 200 எழுத்துக்குள் ஒரு பாட்டின் செய்தி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் புதிர்ப்போட்டிக் கேள்விகள் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததிலிருந்து, ஆங்கில விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில், கட்டுரைக்கு ஒரு வரியாகச் சுவையான செய்திகளைத் தரும் ‘உங்களுக்குத் தெரியுமா?’ பகுதியைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். கட்டணமில்லாத இச்சேவையில் எனக்குப் பிடித்தது வெளியாகும் ஒற்றை வரி மட்டுமன்று. அந்த வரி தேறி வந்த கதையை எவரும் படித்துப் பார்க்கும்படி, தொண்டூழியத் தொகுப்பாளர்களின் வாதம் முழுவதும் திறந்தே கிடப்பதும்தான்.

விதிகள் கறாரானவை. கட்டுரை கடந்த 7 நாள்களுக்குள் எழுதப்பட்டதாகவோ, ஐந்து மடங்கு விரிக்கப்பட்டதாகவோ, விக்கிப்பீடியாவின் தர மதிப்பீட்டில் ‘நல்ல கட்டுரை’ எனத் தகுதி பெற்றதாகவோ இருக்க வேண்டும். முதற்பக்க வரி 200 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள செய்திக்குக் கட்டுரைக்குள்ளேயே சான்று வேண்டும். முன்மொழிந்தவர் தம் வரிக்குத் தாமே ஒப்புதல் அளிக்க முடியாது.

இம்முறையின் அருமை பாடல்களைப் பற்றிய முன்மொழிவுகளில் நன்கு புலப்படுகிறது. இன்ன பாடல் தரவரிசையில் இத்தனையாம் இடத்தைப் பிடித்தது என்றால் சான்றுக்குக் குறைவிராது. ஆனால் அந்தப் பாடகரையே அறியாதவருக்கு அதில் என்ன சுவை என்று கேள்வி எழும். ‘இதுவே முதற்பாடல்’ என்று எழுதினாலோ, அதைச் சொன்னவர் யார், எதை வைத்துச் சொன்னார் என்று துருவுவார்கள்.

நம் தேசிய கீதத்தையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் பேராக் சுல்தானின் மாநில கீதம் எதுவென்று கேட்டபோது, இல்லையென்று சொல்லக் கூசிய உடன் சென்றவர் ஒருவர், தமக்குத் தெரிந்த மெட்டொன்றை முணுமுணுத்துக் காட்டினார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. சுவையான கதைதான், ஆனால் சொல்பவருக்குச் சொல்பவர் ஆளும் ஆண்டும் மாறுகின்றன. தொகுப்பாளர்களின் இந்த வாத மன்றத்துக்கு அது வந்தால் முதல் வாசிப்பிலேயே அடிபடும் என்பது என் கணிப்பு. ‘மலாயாவின் தேசிய கீதத்துக்காகப் பிரிட்டிஷ் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இயற்றித் தந்த இசை ஒதுக்கப்பட்டு, பேராக் மாநில கீதத்தின் மெட்டே 1957இல் ஏற்கப்பட்டது’ என்னும் வரியோ சுவையும் குன்றாமல் சான்றோடும் நிற்கும். எங்கள் மாநிலத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது வேறு!

குறையும் உண்டு. ஒரு வரிக்கு மாற்று, மாற்றுக்கு மாற்று என்று பேச்சு வாரக்கணக்கில் இழுபடுவதுண்டு. எல்லாரும் ஒப்புக்கொண்ட வரி, சில வேளைகளில் யாரும் விரும்பாத உப்புச்சப்பற்ற வரியாக முடிகிறது. இணையத்தில் ஏறாத அச்சுச் சான்றையும் பிறமொழிச் சான்றையும் நல்லெண்ணத்தின் பேரில் ஏற்கிறார்கள். பழைய தமிழ் நாளிதழ்ச் செய்தியும் செல்லுபடியாகும் என்ற வகையில் நமக்கு அது நல்லதே. எனினும் அத்தகைய வரியைக் கேள்வித்தாளில் சேர்க்குமுன் நான் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்.

ஆசிரியர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வரிகள் பெரும்பாலும் நாளுக்கொரு முறையும், முன்மொழிவுகள் குவிந்துவிட்டால் இருமுறையும் மாறுகின்றன. புதிய தொகுதி நம் நேரப்படி காலை 8 மணிக்கு ஏறும். தவறவிட்டவர்கள் பகுதியின் அடியிலுள்ள காப்பக இணைப்பில் பழைய வரிகளைத் தேடிக்கொள்ளலாம்.