டெல்லியில் இறங்கிய அன்றே 18,500 ரூபாய் போச்சு. ஸ்டேஷன் வாசலில் உஷார்!

ராத்திரி பத்தரை மணி. பஹார்கஞ்ச் சந்தில் ஒரு லாட்ஜ் அறையில் ஸ்வெட்டரைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். தூங்கி எழுந்தால் வெட்கம் வந்து எழுத மாட்டேன்.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. 1911-ல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறியதை இருபது வருஷமாக நடத்துகிறேன், ஊரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அரையாண்டு லீவில் நானும் வீட்டுக்காரரும் கிளம்பி வந்தோம். பனிமூட்டத்தில் ரயில் ஐந்து மணி நேரம் லேட்.

கரோல் பாகில் அறை போட்டிருந்தோம். ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரர், குடியரசு தின ஒத்திகைக்காக அந்த ரோட்டை அடைத்துவிட்டார்கள் என்றார். அணிவகுப்பு நடப்பது கர்தவ்ய பாதையில், கரோல் பாக் வேறு திசை. பிள்ளைகளுக்கு வரைபடம் வரையச் சொல்லித்தரும் எனக்கு அந்த நிமிஷம் இது தோன்றவே இல்லை! சந்தேகம் இருந்தால் ஹோட்டலையே கேளுங்கள் என்று தன் போனில் அவரே நம்பர் போட்டுத் தந்தார். அறை கேன்சல் ஆகிவிட்டது என்றது ஒரு குரல். அது எந்த ஹோட்டலோ, யார் குரலோ.

அப்புறம் 'அரசு டூரிஸ்ட் ஆபீஸ்' என்று கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு மாடிக்கு அழைத்துப் போனார். சுவரில் பெரிய இந்திய வரைபடம். மேஜைக்குப் பின்னாலிருந்து, "வாங்கக்கா, நானும் சேலம்தான்" என்று ஒரு தம்பி எழுந்தார். ஸ்டேஷனை விட்டு வந்ததிலிருந்து காதில் விழுந்த முதல் தமிழ். இஞ்சி டீ வந்தது. ஹீட்டரை என் கால் பக்கம் திருப்பி வைத்தார். "டீச்சரா? எங்கம்மாவும் டீச்சர்தான்க்கா" என்றார். அங்கேதான் விழுந்தேன்.

இரண்டு ராத்திரி அறை, இன்றைக்கு காரில் டெல்லி, நாளைக்கு ஆக்ரா, எல்லாம் சேர்த்து 18,500. ஸ்கேன் செய்தபோது ஆபீஸ் பெயர் வரவில்லை, யாரோ ஒருவர் பெயர் வந்தது. கேட்டேன். "ஓனர் பேருக்கா" என்றார். வீட்டுக்காரர் என் கையைத் தொட்டார். நான்தான் அனுப்பினேன்.

கார் இரண்டே மணி நேரம். இந்தியா கேட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மீதி நேரமெல்லாம் ஒரு சால்வைக் கடையில்.

சாயங்காலம் லாட்ஜுக்குக் கீழே டீக்கடையில் நம்மூர்க்காரர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே டீச்சர், தாஜ்மகால் லீவு" என்றார். ஷாஜகான் கட்டிய கதையை வகுப்பு வகுப்பாகச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும் என்பது தெரியவில்லை.

உடனே போன் செய்தேன். முதல் தடவை, "பார்த்துக்கலாம்க்கா, ஆத்துக்கு அந்தப் பக்கம் மெஹ்தாப் பாக்ல நின்னா நல்லா தெரியும்." இரண்டாம் தடவை மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாம் தடவை அதே தம்பி, அதே குரல், ஆனால் தமிழ் மறந்துவிட்டது. இந்தியில் என்னவோ சொல்லி வைத்துவிட்டார். ரசீதில் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பணம் திரும்பத் தரப்படாது என்று இருக்கிறது. முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. 18,500 ரூபாய்க்கு அந்த ஒரு தாள்தான்.

கரோல் பாக் ஹோட்டலுக்கு என் போனிலிருந்து அழைத்தேன். அறை கேன்சல் ஆகவே இல்லையாம், மதியத்திலிருந்து காத்திருக்கிறார்களாம்!

நிறைய எழுத நினைத்தேன், போனில் சார்ஜ் இல்லை. இவ்வளவுதான்: ஹோட்டலுக்கு உங்கள் போனிலிருந்தே பேசுங்கள். ரோடு மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். புது டெல்லி ஸ்டேஷனில் அஜ்மேரி கேட் பக்கம் இறங்கினால் மெட்ரோ, ராஜீவ் சௌக்கில் ஒரு தடவை மாறினால் கரோல் பாக். ஏமாந்து பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். தமிழ் பேசினான் என்பதற்காக... சரி, விடுங்கள்.

காலையில் அந்த மாடிக்கே போகப் போகிறேன். டெல்லியில் இருக்கும், இந்தி தெரிந்த யாராவது கூட வர முடியுமா?