‘வாண்டட்! தி அவுட்லோஸ்’: மூன்று மாதம் கேட்டபின்

திருகோணமலை உப்புவெளியில் விடுதி நடத்தும் அண்ணர் ஒருவர், யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன சீடி என்று இதைத் தந்தார். 1976இல் வந்த தொகுப்பு, 11 பாட்டு. பாடியவர்கள் வேய்லன் ஜென்னிங்ஸ், வில்லி நெல்சன், ஜெசி கோல்ட்டர், டொம்பால் கிளேசர். பெரும்பாலும் முன்பே வெளியான பாட்டுகள்தான், ஆனாலும் அமெரிக்காவில் 10 லட்சம் விற்றதாகச் சான்று பெற்ற முதல் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு) தொகுப்பு இது.

அந்தக் காலத்தில் நாஷ்வில் நகரத்துப் பாட்டுக் கம்பனிகள் எந்தப் பாட்டு, யார் வாசிப்பது என்று எல்லாவற்றையும் தாங்களே தீர்மானித்து, மேலே வயலின்களையும் நிரப்பிவிடுவார்கள். இந்தத் தொகுப்பின் பாடகர்கள் எங்கள் ஆட்களோடு எங்கள் விருப்பப்படி பதிவுசெய்வோம் என்று சண்டைபிடித்தவர்கள். அது காதில் தெரிகிறது. வில்லியின் குரல் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக வரும், திண்ணையில் இருந்து கதைக்கிற ஆள் மாதிரி. பிடிக்காதது ஒன்று: ‘குட் ஹார்ட்டட் வுமன்’ மேடையில் வேய்லனும் வில்லியும் சேர்ந்து பாடியது போல ஒலிக்கிறது, உண்மையில் வில்லியின் குரலைப் பிறகுதான் சேர்த்தார்கள்.

இந்த வகைப் பாட்டைக் கேட்கத் தொடங்கினால் பாடகர்களின் வாழ்க்கையும் கூடவே வரும். மேர்ல் ஹகார்ட் சான் குவென்டின் சிறையில் இருந்தவர். ஜொனி பேச்செக் 1985இல் மதுக்கடையில் ஒருவரைச் சுட்டு, சிறைக்கும் போனார். இவர்களைக் கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. டேவிட் அலன் கோ வேறு. 1978இலும் 1982இலும் அவர் தனியாக விற்ற இரண்டு தொகுப்புகளில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பாட்டுகள் இருக்கின்றன. தான் இனவெறியன் இல்லை என்று அவர் சொல்லிவந்தார், ஆனால் அங்கே குற்றம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நிலாவெளிக்குப் போகும்போது வாகனத்தில் நண்பன் அதில் ஒன்றைச் “சும்மா கேள் மச்சான்” என்று போட்டான், பாதியில் நிறுத்தச் சொன்னேன். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று இனமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊர் இது, அப்படிப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தவர்கள் நாங்கள்.

ஆனால் பேச்செக் 1977இல் பாடிய, வேலையை நீயே வைத்துக்கொள் என்று முதலாளியிடம் சொல்லும் பாட்டை எழுதியவரும் அதே டேவிட் அலன் கோதான். அதை இன்னும் கேட்கிறேன், அதில் யாரையும் மிதிக்கவில்லை.

சரி, வாங்குகிறவர்களுக்கு: ‘வாண்டட்!’ தொகுப்பு 1996இல் கூடுதல் பாட்டுகளோடு வந்த பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். வில்லியின் ‘யெஸ்டர்டேஸ் வைன்’ முதலில், இரவில், சத்தம் குறைத்து.