பச்சைத் திரைக்கு எந்தத் துணி: பாலியஸ்டரா, மஸ்லினா, ஸ்பாண்டெக்ஸா, ஃபோம் துணியா?

கிரீன் ஸ்கிரீன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். வீடியோவில் பச்சையை நீக்கி வேறு பின்னணியை வைப்பதுதான் கீயிங். அதைச் செய்யும் மென்பொருளுக்குக் குறிப்பிட்ட ஒரு பச்சை தேவையில்லை. திரை முழுக்க அதே பச்சை இருந்தால் போதும். அதைக் கெடுப்பவை சுருக்கத்தின் நிழல், மேற்பரப்பின் பளபளப்பு, துணி வழியே கசியும் வெளிச்சம். துணிகளை இந்த மூன்றையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஸ்டாண்டும் லைட்டும் சேர்த்து விற்கும் மலிவான கிட்களில் பெரும்பாலும் வருவது மெல்லிய பாலியஸ்டர். எடை குறைவு, துவைத்தாலும் சாயம் எளிதில் போகாது. ஆனால் இழை வழவழப்பானது. லைட் நேராக விழும் இடம் கேமராவில் வெளிறிவிடும். பின்னால் ஜன்னல் இருந்தால் அந்த வெளிச்சமும் தெரியும். இரண்டு அடுக்காகத் தொங்கவிட்டால் கசிவு குறையும், பளபளப்பு குறையாது. மடித்து அனுப்பிய கட்டக் கோடுகளை எடுக்க அயர்ன் சூட்டைக் கூட்டினால் இழை உருகி மினுக்கும் தடம் விழும். குறைந்த சூட்டில், மேலே பருத்தித் துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். தலையும் தோளும் மட்டும் தெரியும் வீடியோவுக்குச் சரி. அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

மஸ்லின் பருத்தி, ஆகவே பளபளப்பு இல்லை. 3 × 6 மீட்டர் போன்ற அளவில் கிடைப்பதால் சுவரிலிருந்து தரை வரை வளைத்து விரித்து முழு உடலையும் எடுக்கலாம். தொல்லை சுருக்கம்தான். தொங்கவிட்ட பிறகு மேலிருந்து கீழாக ஸ்டீமர் பிடித்து, ஓரங்களில் 30 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் போட்டு, அடியில் கனமான குழாய் கோத்து இழுக்க வேண்டும். துவைத்தால் சுருங்கும், சாயமும் திட்டுத்திட்டாக மங்கும். பெரிய மஸ்லின்கள் பல துண்டுகளைத் தைத்து இணைத்தவை. தையல் கோடு தலைமுடிக்குப் பின்னால் வராதபடி தொங்கவிடுங்கள். கீயிங்கில் முடிதான் கடினமான இடம், அங்கே நிழல்கோடும் சேர்ந்தால் முடி ஓரம் அரித்தது போல் வரும்.

இடம் மாற்றாத ஸ்டுடியோவுக்கு ஃபோம் துணியை அடித்துக்கொள்ள வேறொன்றில்லை. முன்பக்கம் மென்மையான பஞ்சு மேற்பரப்பு கொண்ட நைலான், பின்பக்கம் சில மில்லிமீட்டர் ஃபோம். பஞ்சுப் பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளைத் திட்டு விழாது. ஃபோம் வெளிச்சத்தைக் கசியவிடாது, தொங்கும்போது துணியை விறைப்பாகவும் வைத்திருக்கும். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் நேராக இதன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால் கிளாம்பே இல்லாமல் சுவரில் பொருத்தலாம். பொதுவாக அகலம் 1.5 மீட்டர் அளவில்தான் வரும். அதைவிட அகலம் வேண்டுமென்றால் இணைப்பைத் தவிர்க்க முடியாது. இதை மடிக்கவே கூடாது. ஃபோமில் விழுந்த மடிப்பு போவது கடினம், அயர்ன் வைத்தாலோ ஃபோமே கெட்டுவிடும். தடித்த அட்டைக் குழாயில் சுருட்டி வையுங்கள். தரையில் போட்டு நடந்தால் அழுக்கு பஞ்சில் ஏறிவிடும். பல ஆண்டுகள் கழித்து ஃபோம் பொடிந்து உதிரத் தொடங்கினால் மாற்றியே ஆக வேண்டும்.

ஊர் ஊராகத் தூக்கிப் போகிறவர்களுக்கு இழுத்தால் நீளும் துணியான ஸ்பாண்டெக்ஸ். பையில் கசங்கிக் கிடந்தாலும் ஃபிரேமில் இழுத்துக் கட்டினால் சுருக்கம் மறைந்துவிடும். 3 மீட்டர் ஃபிரேமுக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர் துணி போதும். முதலில் எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவைப் பிடித்து, பிறகு மூலைகளுக்குப் போங்கள். மூலையில் தொடங்கினால் குறுக்கே அலை விழும். அளவுக்கு மீறி இழுத்தால் இழைகள் விலகிப் பச்சை வெளிறும், பின்னால் இருப்பதும் தெரியும். மினுமினுப்பான ரகமும் உண்டு. மினுக்காத மேட் ரகமா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபெல்ட் மலிவு, மினுக்காது. ஆனால் பிசிறு கிளம்பும், தூசியை இழுக்கும். பிளாஸ்டிக் விரிப்பான வினைல், தரையில் விரிக்க வசதி, துடைத்துவிடலாம். சுவரில் தொங்கவிட்டால் கண்ணாடி போல் லைட்டைக் காட்டும்.

அளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். கேமராவிலிருந்து 4 மீட்டரில் ஆள் நிற்கிறார், அங்கே கேமராவில் தெரியும் அகலம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பச்சை நிறம் அவர்மீது தெறிக்காமலிருக்கத் திரையை 2 மீட்டர் பின்னால் தள்ளினால், திரை இருக்கும் இடத்தில் அந்த அகலம் 3 மீட்டராகிவிடும். அத்தனையையும் துணியால் மூட வேண்டியதில்லை. கை கால் போகும் எல்லை வரை பச்சை இருந்தால் போதும். மிச்சத்தை எடிட்டிங்கில் வெட்டிவிடலாம்.

முடிந்தால் முதலில் அரை மீட்டர் மாதிரி வாங்குங்கள். கையில் கசக்கித் தொங்கவிடுங்கள், பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள், பிறகு பக்கவாட்டில் லைட் வைத்துப் பல கோணங்களில் கேமராவில் பாருங்கள். பிடித்துவிட்டால் தேவையான மொத்த மீட்டரையும் ஒரே தடவையில், ஒரே சாயத் தொகுதியிலிருந்து கேட்டு வாங்குங்கள். பின்னால் வாங்கும் துண்டு கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கேமரா அதை வேறு பச்சையாகக் காட்டக்கூடும்.